சிலுவைக்குப் பயப்படாத ரத்தக்காட்டேரி

அந்த வருஷத்துத் திருவிழா மலரின் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு ரத்தக்காட்டேரி நன்மை வாங்க வரிசையில் நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் தங்கச் சிலுவை. பக்கத்தின் தலைமாட்டில், பூக்கொடி வரைந்த கட்டத்துக்குள், கொட்டை எழுத்தில் ‘சாட்சியம்’ என்று அச்சாகியிருந்தது. எதிர்ப்பக்கம் நாற்பத்தாறில் திருவிழாக் கமிட்டித் தலைவர் லாசர் கலர் படத்தில் கைகூப்பி எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் தங்கச் சிலுவை.

யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று நினைத்தால் அந்தக் கமிட்டியை உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் ஆயிரம் பேருக்கு அசன விருந்து ஆக்கிவிட்டுச் சாம்பாரில் உப்புப் போட மறந்தவர்கள் அவர்கள். ஒரு மனிதரை இவ்வளவு கச்சிதமாக மாட்டிவிட அவர்களுக்குச் சாமர்த்தியம் ஏது? தமிழ் வாசிக்கத் தெரியாததால் வந்த வினை அது.

எழுதியவள் சகாயராணி. வயது நாற்பத்தொன்று. தாராவியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில், அங்கே சொல்வதுபோல் கார்கானாவில், செக்கர் வேலை. சட்டையை விரித்துப் பார்ப்பாள். தையல் பிசகிய இடத்தில், பட்டன் தொங்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. மற்றவர்களின் குறையைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் என்று அவள் புருஷன் ஜோன்ஸ் கேலி செய்வான். அவன் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன், ரோட்டில் எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டே ஓட்டுகிறவன். அவனுக்கு அதற்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு அவள் படிப்பு நின்றுபோனது. ஆனால் எழுத்து நிற்கவில்லை. பைபிள், பழைய வாரப் பத்திரிகை, வடை பொட்டலம் கட்டிவந்த காகிதம், எது கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். அந்தத் தமிழை வைத்துக்கொண்டுதான் பதினாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தாள். இருபத்துமூன்று பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்பவர்கள். ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்வார்கள். கார்கானாவில் அவள் ‘ஏ செக்கர்’. சந்தில் ‘ஜோன்ஸ் பொண்டாட்டி’. அந்த வகுப்பில் மட்டும் ‘மிஸ்’. உலகத்தில் அவளை மிஸ் என்று கூப்பிடும் ஒரே இடம் அதுதான்.

புதுநன்மை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பூசையில் சாமியார் கையால் கொடுக்கும் அப்பத்துக்கு இவர்கள் நன்மை என்று பேர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முதல்முறை வாங்கினால் புதுநன்மை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி என்று ஒரு குட்டிக் கல்யாணம் மாதிரி நடக்கும். அப்பமும் திராட்சை ரசமும் ஆண்டவரின் உடலாகவும் ரத்தமாகவும் மாறுகிறது என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பது வயசு அனிஷா கையைத் தூக்கினாள்.

“மிஸ், வாம்பயரும் பிளட் குடிக்குமே. ஆனா கிராஸைப் பாத்தா ஜல் ஜாத்தா ஹை. சச்சீ மே, நெசமாவா?”

போனில் பார்த்த தொடரின் புண்ணியம். வகுப்பே விழித்துக்கொண்டது. சிலுவையைக் காட்டினால் ரத்தக்காட்டேரி எரிந்து சாம்பலாகும் என்று ஒருத்தி நடித்தே காட்டினாள். சகாயராணி சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

“எல்லாக் காட்டேரியும் பயப்படாது” என்றாள்.

“ஏன் மிஸ்?”

“சிலுவைய அவனே கழுத்துல போட்டிருந்தா?”

அனிஷா விடவில்லை, “அப்போ எப்பிடி மிஸ் கண்டுபிடிக்கது?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் சகாயராணி அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு நோட்டை எடுத்தாள்.

ஒன்பது மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அந்தக் கதையை எழுதி முடித்தாள். ஒரு சின்ன ஊருக்கு ரத்தக்காட்டேரி வருகிறது. ஊரே சிலுவையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அது சிரித்துக்கொண்டே சட்டைப் பட்டனைக் கழற்றி அதைவிடப் பெரிய சிலுவையைக் காட்டுகிறது. ஊர்க்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் கோயில் சாவியையே அதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பூசையில் முதல் வரிசை அதற்கு. நன்மை வாங்க முதல் ஆள் அது. யார் கழுத்தையும் கடிப்பதில்லை. பிள்ளைகளிடம் மட்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சொட்டு, விரல் நுனியில். ஒருநாள் ஒரு பிள்ளையிடம் அளவு தப்பிப்போகிறது. ஊர் கூடிக் கேட்கிறது. காட்டேரி தன் செல்லப் பிள்ளையை, கதையை ‘நான்’ என்று சொல்லும் வெள்ளைக் கவுன் சிறுமியைக் கூப்பிட்டுச் சிலுவையைக் கையில் கொடுக்கிறது. ‘யாரும் யார் ரத்தத்தையும் எடுக்கவில்லை’ என்று அவள் சத்தியம் பண்ணுகிறாள். ஊர் கலைகிறது. அவள் வீட்டுக்குப் போய்ப் பூமுடியைக் கழற்றக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கண்ணாடியில் சுவர் தெரிகிறது, விளக்கு தெரிகிறது, கவுன் தெரிகிறது. முகம் மட்டும் இல்லை.

இதைத் திருவிழா மலருக்குக் கொடுத்தாள். மலர் வேலையெல்லாம் கமிட்டிச் செயலாளர் ஜெனிஷ் தலையில். இருபத்துநாலு வயசு, கால் சென்டர் வேலை, நல்ல பையன். தமிழ் சரளமாகப் பேசுவான். வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான், அதுவும் இரண்டாவது வரியில் கொட்டாவி வந்துவிடும். வந்த தாள்களையெல்லாம் போனில் படம் பிடித்துச் செம்பூரில் உள்ள அச்சகத்துக்கு அனுப்பினான். எதை எந்தத் தலைப்பில் போட வேண்டும் என்று மட்டும் அவன் சொல்ல வேண்டும். சகாயராணியின் முதல் வரியை விரல் வைத்துப் படித்தான்: ‘நான் புதுநன்மை எடுத்த வருஷம் எங்கள் ஊருக்கு அவன் வந்தான்.’ நான் என்றிருக்கிறது, புதுநன்மை என்றிருக்கிறது, ஆகவே ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சியம். ‘அவன்’ யார்? ஆண்டவர்தான், வேறு யார் வருவார்கள்? அவனுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைகள் இப்போது பம்பாயில் எத்தனை பேர்?

லாசருக்கு அந்த மாதம் கண் ஆபரேஷன். ஜெனிஷ் தலைப்புகளை மட்டும் வாசித்துக் காட்டினான். ‘சாட்சியம், சகாயராணி’ என்றதும் கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “என் ஞானமகளாக்கும். என் படத்துக்கு எதுத்தாப்புல போடு” என்றார். ஆமாம், அவள் ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்த ஞானத்தகப்பன் அவர்தான்.

கொடியேற்றத்தன்றைக்கு மலரைக் கொடுத்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்களே, அது போதாதா? மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போனபோதே குழாயடியில் ஒரு அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி சகாயராணி, காட்டேரி சட்டைப் பட்டனக் கழத்தி சிலுவையக் காட்டுதுன்னு எழுதிருக்கியே. நம்ம லாசர் சேட்டு கோயிலுக்குள்ள நொழையும்போது அப்பிடித்தான செய்வாரு?”

“கதை அத்தே.”

“கதையா? சாட்சியம்னுல்லா போட்டிருக்கு!”

அப்போதுதான் அவள் மலரை வாங்கிப் பார்த்தாள். நாற்பத்தாறையும் நாற்பத்தேழையும் சேர்த்துப் பார்த்தபோது குழாய்க்குக் கீழே வைத்த குடம் வழிந்துகொண்டிருந்தது.

லாசர் கெட்டவர் என்று சொன்னால் தாராவித் தமிழர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கியவனுக்கு முதல் ராத்திரி தங்க இடம் கொடுத்தவர் அவர். செத்தவர்களுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோயில் மணி அவர் போட்டது. நான்கு கார்கானா வைத்திருந்தவரை ஆட்கள் சேட்டு என்றார்கள். சகாயராணிக்கு அவர் பெரியப்பா. அவளுடைய புதுநன்மைக் கவுனைக் கூலி வாங்காமல் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தவர். அதையெல்லாம் அவள் மறந்தவள் இல்லை. மறக்க முடியாததுதான் அவள் பிரச்சினை.

புதன்கிழமை சாயங்காலம் கோயிலின் பின்னறைக்குக் கூப்பிட்டார்கள். லாசர் நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஜெனிஷ் தலையைக் குனிந்துகொண்டு. நடுவில் புதுச் சாமியார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, எதிலும் சத்தம் வரக்கூடாது என்று நினைக்கிற மனிதர்.

“நான் ஒனக்கு என்ன கொற வச்சேம்மா?” என்றார் லாசர். நடிப்பில்லை, நிஜமாகவே கேட்டார்.

“ஒரு கொறையும் வைக்கல பெரியப்பா.”

“பின்ன? ஊரே என்னையப் பாத்துச் சிரிக்கி. எம் பேரன் கேக்கான், தாத்தா நீங்க ரத்தம் குடிப்பீங்களான்னு.”

சாமியார் குறுக்கிட்டார். “ஆன்ட்டி, சிம்பிளான விஷயம். பத்தாம் திருநாள் காலைப் பூசை முடிஞ்சதும் மைக்கில் ஒரு நிமிஷம். ‘இது வெறும் கற்பனைக் கதை, யாரையும் குறிப்பது அல்ல, தலைப்புத் தவறாக அச்சாகிவிட்டது, மன்னிக்கவும்.’ அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்லலையே. நீங்க எழுதுனது கதைதானே?”

“கதைதான் சாமி.”

“அதைத்தான் சொல்லச் சொல்றேன்.”

“சொல்லலைன்னா?”

லாசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாட்சியத்துல காட்டேரிய எழுதுறவ கையில பிள்ளைங்களக் குடுக்க முடியுமா? நீயே சொல்லு. வகுப்புக்கு வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்.”

சாமியார் மறுக்கவில்லை. ஜெனிஷ் மட்டும், “சாரி ஆன்ட்டி, மேரா கல்தி” என்று முணுமுணுத்தான். அவன் ஒருவன்தான் அந்த அறையில் மன்னிப்புக் கேட்டவன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜோன்ஸ் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டான். “சொல்லித் தொலைச்சிரேன். ஒரு நிமிஷம். கதைன்னு சொல்லதுல ஒனக்கு என்ன கேடு?”

“அதான் எனக்கும் தெரியல” என்றாள். பொய். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களுடைய மகள் ஸ்வீட்டிக்குப் பதினேழு வயசு. தமிழில் தன் பேரை எழுதுவாள், பஸ் போர்டு படிப்பாள், அதோடு சரி. ஊரெல்லாம் அம்மாவின் கதையைப் பேசுகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லையே என்ற கோபத்தோடு மலரைத் தூக்கி அம்மா மடியில் போட்டாள். “மம்மி, படிச்சுக் காட்டு.”

சகாயராணி படித்தாள். பத்து நிமிஷம் ஆனது. ஜோன்ஸும் பாத்திரம் கழுவும் சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஸ்வீட்டி கேட்டாள்.

“மம்மி, இது ஸ்டோரி ஹை க்யா?”

புருஷனிடம் ஒளித்ததை மகளிடம் ஒளிக்க முடியவில்லை. முப்பது வருஷமாக வீட்டார் யாரிடமும் வாயைத் திறக்காதவள் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

அவளுக்குப் பத்து வயசு. ஐந்தாவது முடித்த லீவில் பெரியப்பா கார்கானாவில் நூல் வெட்டப் போனாள். லீவு முடிந்தும் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. கூட மாரிசெல்வி. பன்னிரண்டு வயசு, அடுத்த சந்து, அம்மனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளை. அவள் துணி வெட்டும் மேசையில் அடுக்கை அழுத்திப் பிடிக்கும் வேலை பார்த்தாள். சகாயராணிக்குப் புதுநன்மைக் கவுன் அளவு பார்த்தபோது ஓரத்தில் நின்று அதன் லேஸ் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் மாரிசெல்வி. ‘ஒங்க சாமிக்கு நானும் இத மாதிரி போட்டுட்டு வரலாமாட்டி?’ என்று கேட்டாள். புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை கட்டிங் மெஷின் மாரிசெல்வியின் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டு போனது.

மூன்று வாரம் கழித்து மாரிசெல்வியின் அம்மா லேபர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியைக் கூட்டி வந்துவிட்டாள். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! லாசர் பதறவில்லை. சுவரில் இருந்த பித்தளைச் சிலுவையைக் கழற்றி, சகாயராணியைக் கூப்பிட்டு, அவள் கையில் வைத்தார். “சாப், இது என் ஞானமக. போன மாசந்தான் புதுநன்மை எடுத்தா. பச்சப்பிள்ள, சிலுவையப் பிடிச்சிட்டுப் பொய் சொல்ல மாட்டா. நீங்களே கேளுங்க.”

அதிகாரி கேட்டார். அவள் சொன்னாள். “மாரிசெல்வி வேலைக்கு வரல. எங்கூட விளையாட வந்தா.”

முதல்நாள் சாயங்காலம் பெரியப்பா சொல்லிக் கொடுத்த வார்த்தை, ஒன்றுகூடப் பிசகாமல். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சிலுவை கையைச் சுடும் என்று நினைத்தாள். இடி விழும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஏதாவது நடக்கும் என்று பத்து வயசுப் பிள்ளை முழுசாக நம்பியது. ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். மாரிசெல்வியின் அம்மா அவளைத் திட்டக்கூட இல்லை. ஒருமுறை பார்த்தாள், மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் குடும்பமே ஊருக்குப் போய்விட்டது. சகாயராணிக்கு அன்றைக்குப் பசித்தது, சாப்பிட்டாள், தூங்கினாள். அதுதான் அவளுக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை. சிலுவைக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை என்று அவள் அன்றைக்கே தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் பிள்ளையாக இல்லை.

“கன்ஃபெஷன்ல சொன்னியா?” என்று கேட்டாள் ஸ்வீட்டி.

“சொன்னேன். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். தீந்துபோச்சு.”

“விரல் வந்துருச்சா?”

ஜோன்ஸ் குழாயை மூடினான். ஸ்வீட்டி மலரை எடுத்து, வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். “மம்மி, இதுல வாம்பயர் இருக்கான். முகம் தெரியாத பொண்ணு இருக்கா, அது நீ. மாரிசெல்வி ஆன்ட்டி எங்க? ‘ஒரு பிள்ளை’ன்னு ஒரே ஒரு லைன். பேருகூட இல்ல. நீயும் அவுங்கள மறைச்சிட்டியே.”

சகாயராணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும், நேற்றுப் பிறந்தவள், ஏசி பஸ்ஸில் காலேஜ் போகிறவள். ஏசப் போனாள். மலரை மகள் கையிலிருந்து பிடுங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள் எழுதியதில் தன் முகத்தைத்தான் தேடியிருக்கிறாள். விரல் போனவளைத் தேடவில்லை. மகள் சொன்னது அத்தனையும் நிஜம், அதனால்தான் அத்தனை எரிச்சல்.

பத்தாம் திருநாள் காலைப் பூசைக்குப் பந்தல் நிறைந்திருந்தது. சப்பரம் பூவோடு நின்றது. அசனத்துக்கு அண்டாக்கள் ஏறிவிட்டன. சகாயராணி தன் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு ஓரத்தில் நின்றாள். பூசை முடிந்தது. ஜெனிஷ் வந்து ஒரு தாளைக் கையில் கொடுத்தான். அவள் சொல்ல வேண்டியதை அவன்தான் எழுதியிருந்தான். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். லாசர் முதல் வரிசையில் நடு நாற்காலியில் இருந்தார். சாமியார் அவளைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார்.

தாளை வாசித்தால் வகுப்பு இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இருபத்துமூன்று வாய் ‘குட் மார்னிங் மிஸ்’ சொல்லும். அதில் எழுதியிருப்பதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் அதன் சூது. கதையைக் கதை என்று சொல்ல வேண்டியதுதானே? முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் இப்படித்தான், மாரிசெல்வி விளையாடவும் செய்தாள், அதுவும் முழுப் பொய்யில்லை. தாளை நாலாக மடித்துக்கொண்டு மைக் வரை பதினைந்து அடி நடந்தாள்.

“திருவிழா மலர்ல நான் ஒரு கதை எழுதிருந்தேன்” என்று ஆரம்பித்தாள். “அது மேல சாட்சியம்னு போட்டிருக்கு. ஜெனிஷ் தப்பாப் போட்டுட்டான்னு எல்லாரும் அவன ஏசுதாங்க. அவன் ஒண்ணும் தப்பாப் போடல.”

சாமியார் எழுந்தார்.

“நான்தான் சாட்சியத்த எழுதத் தைரியமில்லாம கதையா எழுதினேன். காட்டேரின்னு ஒண்ணும் கெடையாது. லாசர் பெரியப்பா கார்கானால கட்டிங் மேசையில வேலை பாத்த பிள்ளைக்கு மூணு விரல் போச்சி. அவ பேரு மாரிசெல்வி. அவ...”

மைக் செத்துப்போனது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள். பத்து வயசிலிருந்து முப்பது மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவளுடையது. அதற்கு மைக் எதற்கு? மேடையை விட்டு இறங்கிப் பந்தலின் நடுவில் வந்து நின்று அண்டாக்காரர்கள் வரை கேட்கும்படி சொன்னாள். “அவ விளையாட வரல. வேலைக்கு வந்தா. கேஸு வந்தப்ப நான் பொய்ச் சாட்சி சொன்னேன். இது பொய்யில்ல.”

“நிறுத்துட்டி!” லாசர் எழுந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்தது. எழுபத்தைந்து வயசுக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “அன்னைக்கு சிலுவையக் கையில பிடிச்சிக்கிட்டு ஆபீசர்ட்ட நீதானட்டி சொன்ன, விளையாட வந்தான்னு! அவ்வளவு சொல்லிக் குடுத்தும் இப்ப மாத்திப் பேசுதியே!”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். உட்காரும்போது சட்டைக்குள் கையை விட்டுச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆமா பெரியப்பா, நான்தான் சொன்னேன்” என்றாள் சகாயராணி. “எனக்குப் பத்து வயசு, அவளுக்குப் பன்னெண்டு. நீங்க சொல்லிக் குடுத்தீங்க, நான் ஒப்பிச்சேன். இனிமே ஒப்பிக்க மாட்டேன். வகுப்ப வேற யாருக்கு வேணும்னாலும் குடுங்க.”

அனிஷா எழுந்து நின்று மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஜோன்ஸ் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

தூணோரத்தில் உட்கார்ந்திருந்த வயசான பெண் ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

“யாரு மக்கா அந்த மாரிசெல்வி? எந்தச் சந்து?”

முப்பது வருஷத்தில் வீட்டுக்கு வெளியே ஒருவர் அந்தப் பேரை விசாரிப்பது அதுதான் முதல்முறை. சகாயராணி அந்த அம்மா பக்கம் திரும்பி, சந்துப் பேரிலிருந்து ஆரம்பித்து முழுசாகச் சொன்னாள்.